முதல் பிளாக் காலியாக இருந்தால்

நம் ஃபைல் சிஸ்டத்தைப் பற்றிப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. நிரல் உங்கள் முன்னால் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற ஒருத்தியைக் கள்ளக்குறிச்சி வெயிலில் வரவழைத்து, படித்தால் புரிகிற விஷயத்தைச் சொல்லச் சொல்வது அநியாயம். நான் சொல்ல வந்தது, அந்த நிரலில் முன்பு இருந்து இப்போது இல்லாத ஒரு வரியைப் பற்றி.

அதை எழுதியவர் அன்வர். இன்று உங்கள் முதலாளி. அன்று தன் பெரியத்தாவின், அதாவது அப்பாவுடைய அண்ணனின், பட்டறையில் என்னோடு உட்கார்ந்து நிரல் எழுதிக்கொண்டிருந்த இளைஞர். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

முதலில் நம் ஃபைல் சிஸ்டம் தகவலை எழுதி வைக்கிற சிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. இத்தனை வருஷம் அதோடு குப்பை கொட்டியும் எனக்கு அதன் மேல் உள்ள வியப்பு தீரவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புத் துண்டு. அதில் எழுதலாம், ஆனால் எழுதியதன் மேலேயே திருத்தி எழுத முடியாது. ஒரு எழுத்தை மட்டும் அழிக்கவும் முடியாது. அழிப்பதென்றால் பிளாக் என்கிற ஒரு பகுதி முழுவதையும் அழிக்க வேண்டும், சிலேட்டில் ஓர் எழுத்து தப்பினால் சிலேட்டையே கழுவுகிற மாதிரி. கழுவிக் கழுவி ஒருநாள் அந்தப் பிளாக் தேய்ந்து செத்தும் போகும். இத்தனை குறையுள்ள ஒரு பொருளிடம்தான் மனிதர்கள் தங்கள் உயிர் சம்பந்தப்பட்ட கணக்கையெல்லாம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். போதாதற்கு நம் பக்கத்துக் கரண்டு. அது யாரையும் கேட்டுக்கொண்டு வருவதும் இல்லை, சொல்லிக்கொண்டு போவதும் இல்லை.

அதனால் எங்கள் ஃபைல் சிஸ்டத்துக்கு ஒரே ஒரு விதி வைத்தோம். பழையதைத் தொடாதே, புதியதைப் பக்கத்தில் எழுது, முழுவதும் எழுதிச் சரிபார்த்த பிறகே 'இனி இதுதான் உண்மை' என்று சொல். அப்படிச் சொல்வதற்கென்று இரண்டு தலைப் பிளாக்குகள். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று அவைதான் அறியும். ஒன்றை அழித்துப் புதிதாக எழுதும்போது மற்றது அப்படியே நிற்கும். அடுத்த முறை இது அழியும், அது நிற்கும். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலை எடுத்து வைப்பதுதான். எந்த நொடியில் கரண்டு போனாலும் ஏதோ ஒரு கால் தரையில் இருக்கும்.

அதைச் சோதிக்கிற வழியை எங்களுக்குக் காட்டியவர் அன்வரின் பெரியத்தா. ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். தராசும் ஸ்டெபிலைசரும் விற்று வளர்ந்த மனிதர். நிரலில் ஒரு வரி படிக்கத் தெரியாது. ஆனால் பட்டறைக்குள் வந்தால் ஓடிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒரு சர்க்யூட் போர்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். வந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். வராவிட்டால் டீ சொல்லி அனுப்புவார், அதாவது வேலை இருக்கிறது என்று அர்த்தம். அவர் கையால் செய்ததையே நாங்கள் ஒரு ரிலேவை வைத்துச் செய்தோம். நாள் முழுக்க அது கண்டபடி கரண்டை வெட்டும், போர்டு செத்துச் செத்துப் பிழைக்கும். ஒவ்வொரு முறையும் கடைசியாக எழுதி முடித்தது அப்படியே இருக்கும், பாதியில் நின்றது மட்டும் தடம் தெரியாமல் போயிருக்கும். எங்கள் ஃபைல் சிஸ்டம் சாகாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். அது பொய்யில்லை, உண்மையாகவே சாகாது. அதுதான் இந்தக் கதையின் விசேஷம்.

அந்த நிரலோடு நாங்கள் விற்ற முதல் பொருள், தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜின் குளிரைப் பதிந்து வைக்கும் சின்னப் பெட்டி. கரண்டு போனாலும் உள்ளே இருக்கும் பேட்டரியில் ஓடும். கல்வராயன் மலையில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அது போயிருந்தது. அதில் ஒன்று வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு ஊர். பெயர் வேண்டாம்.

ஒருநாள் காலை அங்கிருந்து போன். பேசியவர் செல்வராணி என்ற நர்ஸ்.

"மேடம், உங்க பொட்டி செத்துப்போச்சுங்க. நேத்து சாயந்திரம் போன கரண்டு இப்பதான் வந்துச்சு. வந்த வேகத்துல டப்புனு ஒரு சத்தம், திரும்பவும் போயிடுச்சு. ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல, பேட்டரி ஊதிப்போயிருக்குது. நீங்க குடுத்த வேற பேட்டரி டிராயர்ல இருக்குது, போட்டுப் பாக்கட்டுங்களா?"

இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. எங்கள் கையேட்டிலேயே அப்படித்தான் அச்சடித்திருந்தோம். ஆனால் என் முதல் வேலையில் எனக்கு மேலே ஓர் அம்மா இருந்தார். அவர் தன் பெயரை யாரும் எடுப்பதை விரும்பமாட்டார். அவர் என்னிடம் ஓயாமல் சொன்னது ஒன்றுதான். சந்தேகம் வந்தால் எழுதாதே, படி. பேட்டரி போட்டால் பெட்டி விழித்துக்கொள்ளும், விழித்தால் எதையாவது எழுதும். எதை எழுதும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே போதுமான காரணமாக இருந்தது.

"போட வேணாம்மா. எதையும் தொடாம அப்படியே வுட்டுடுங்க. நாங்க கெளம்பி வந்துக்கினே இருக்கோம்," என்றேன்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று அவர் அடுத்துச் சொன்னதில் விளங்கியது. பக்கத்து மலையூர் ஒன்றில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் கண்டு கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் அன்று ஊசி. செல்வராணி வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லியிருந்ததால் தாய்மார்கள் விடியும்போதே நடந்து வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மருந்து சூட்டில் கெடும், அதைவிட மோசமாக உறைந்தால் கெடும். சூடு பட்டிருந்தால் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். உறைந்து உருகியிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. முந்தின சாயந்திரம் கரண்டு போனதும் செல்வராணி ஐஸ் பேக்குகளை ஃபிரிட்ஜுக்குள் அடுக்கியிருந்தார். அது மருந்தைக் காப்பாற்றியதா, உறைய வைத்துக் கொன்றதா? தெரிந்த ஒரே சாட்சி எங்கள் பெட்டி.

பாய் புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். புதுப் பெட்டிக்கு நேற்றிரவு நடந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதையும் ஏற்றச் சொல்லிவிட்டுப் பாய் ஜீப் சாவியைத் தூக்கி அன்வரிடம் போட்டார்.

கச்சிராயபாளையம் வரை கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும்வரை அன்வர் டிராக்டர்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். வளைவுகள் ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. பாதையைப் பார்த்து ஓட்டுகிறார் என்று நினைத்தேன். திடீரென்று ஒரு வளைவின் ஓரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, ஒரு வரி இருக்குதுக்கா. ஸ்டார்ட்டப்புல. மொத பிளாக் காலியா இருந்தா புது சிப்புன்னு எடுத்துக்கினு ஃபார்மட் பண்ணிடும்."

எனக்கும் அந்த வரி ஞாபகம் வந்தது. சிப்புகள் வாங்கும்போது காலியாகத்தான் வரும். ஒவ்வொன்றையும் கணினியில் செருகி ஃபார்மட் செய்து, அதாவது முழுவதும் அழித்துத் தயார்ப்படுத்தி, பிறகு பெட்டியில் பொருத்த வேண்டும். அலுப்பான வேலை. அதைத் தவிர்க்க, முதன்முதலில் கரண்டு கொடுக்கும்போது பெட்டி தானே பார்த்து, முதல் தலைப் பிளாக் காலியாக இருந்தால் தன்னைத் தானே ஃபார்மட் செய்துகொள்ளட்டும் என்று அன்வர் எழுதியிருந்தார். பட்டறையே அவரைப் பாராட்டியது. நானும் சபாஷ் போட்டேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு தலைப் பிளாக்குகளில் ஒன்றை அழித்துத்தான் புதிதாக எழுதுவோம் என்றேன். முதலாவதை அழித்து முடித்து, எழுதத் தொடங்கும் முன் கரண்டு போனால்? முதல் பிளாக் காலியாக இருக்கும். இரண்டாவது தலையில் எல்லாம் பத்திரமாக இருக்கும். எங்கள் ஃபைல் சிஸ்டத்திடம் கேட்டால் இரண்டாவதைப் பார்த்துச் சரியாக எழுந்துவிடும். ஆனால் அதனிடம் கேட்பதற்கு முன்பே வாசலில் இந்த வரி நிற்கிறது. காலி, புது சிப், அழி. ரிலேவை வைத்து அத்தனை முறை கரண்டை வெட்டிப் பார்த்தபோது இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். சோதனை போர்டில் ஃபைல் சிஸ்டம் மட்டும்தான் ஓடியது. பெட்டி விழிக்கும்போது ஓடுகிற ஸ்டார்ட்டப் நிரல் வேறு இடத்தில், வேறு நாளில் எழுதியது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்களே, அந்த வேலியை நாங்கள்தான் பெருமையாகப் போட்டிருந்தோம்.

அன்வர் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி, "காலைல கரண்டு எந்த நேரத்துல அடிச்சுதோ," என்றார். அழிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் அடிபட்டிருந்தால், இனி அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரி போட்டால் போதும், முடிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பேட்டரி இன்னும் டிராயரில்தான் இருக்கிறது, வண்டியை எடு என்றேன்.

டிராயரில் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது டாக்டரின் கையில் இருந்தது.

இளம் வயது டாக்டர், நல்லவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கையேட்டை எடுத்துப் படித்து, அதில் சொன்னபடி மாற்றிவிடலாம் என்று பெட்டியின் பின்மூடியையும் கழற்றி வைத்திருந்தார். செல்வராணி ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருந்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. டாக்டரின் கையிலிருந்து பேட்டரியை வாங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அவர் தன் நிலையைத் தெளிவாகச் சொன்னார். காலையிலிருந்து ஃபிரிட்ஜுக்குள் சாதாரணத் தெர்மாமீட்டர் வைத்து அவரே பார்த்துக்கொண்டிருக்கிறார், அது சரியாக இருக்கிறது. ராத்திரிக்குத்தான் ஆதாரம் இல்லை. குப்பியைக் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற முறை ஒன்று உண்டு, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதே மருந்தில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைக்க வேண்டும். கரண்டு இல்லாத இடத்தில் எதை வைத்து உறைய வைப்பது? ராத்திரி முழுவதும் குளிர் எப்படி இருந்தது என்று காட்டினால் ஊசி போடலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தாய்மார்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். சிஸ்டர் சொல்வதை நம்புகிறேன், ஆனால் நம்பிக்கையைப் பிள்ளைக்கு ஊசியாகப் போட முடியாது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

செல்வராணி சொன்னது இது. ஐஸ் பேக்குகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு மனசு கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து கையை வைத்துப் பார்த்திருக்கிறார். குளிர் ஜாஸ்தியாகத் தோன்றவே, குப்பிகளை ஒட்டியிருந்த பேக்குகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை யாரும் பார்க்கவில்லை.

வராந்தா நிறையத் தாய்மார்கள். சாமை அறுப்புக் காலம். அன்றையக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் கொஞ்சம் வயதான ஒருவர், இடுப்பில் பிள்ளையோடு உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"ஊசி கெட்டுப்போச்சுன்னா சொல்லிடுங்க தாயி, நாங்க போய்க்கினே இருக்கோம். கெட்டத மட்டும் போட்றாதீங்க."

திரும்பிப் போனால் மறுபடி எப்போது வருவார்கள், வருவார்களா என்பது யாருக்கும் தெரியாது. தொண்டை அடைப்பான் அறுப்பு முடியட்டும் என்று காத்திருக்காது. செல்வராணியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. பெட்டியை எழுப்பாமல், சிப்பை மட்டும் நேராகப் படிப்பது. அதற்கென்று ஒரு கிளிப் உண்டு. சிப்பின் கால்களைக் கவ்விக்கொள்ளும், மறுமுனை லேப்டாப்பில். அன்வர் அதை எடுத்துச் சிப்புக்கு மேலே கொண்டுபோனபோது எனக்கு இன்னொன்று உறைத்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

சிப்பைப் படிக்க கிளிப் அதற்குக் கரண்டு கொடுக்கும். அந்தக் கரண்டு சிப்போடு நிற்காது, அதே தடத்தில் ஓடிப் பக்கத்திலிருக்கும், பெட்டியின் மூளையான புராசசருக்கும் போகும். புராசசர் விழிக்கும். விழித்ததும் முதல் வேலையாக அந்த வரியைப் படிக்கும். பேட்டரியைப் பைக்குள் பூட்டி வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக நாங்களே அதை எழுப்பியிருப்போம். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்திருக்கும்.

பட்டறையாக இருந்தால் சிப்பைச் சூடுவைத்துப் பெயர்த்து எடுத்திருப்போம். இங்கே சால்டரிங் அயனுக்குக் கரண்டு இல்லை. மிச்சமிருந்தது ஒரு வழி. புராசசரில் ரீசெட் கால் என்று ஒன்று உண்டு. அதைப் போர்டின் எர்த்தோடு இணைத்தே வைத்திருந்தால் அது எழுந்திருக்காது. தூங்குகிறவரின் தலையை அமுக்கிப் பிடிப்பது மாதிரி. ஆனால் அந்தக் கால் முடியளவுதான். படித்து முடிக்கும்வரை ஒரு முனை அதன் மேலேயே நிற்க வேண்டும், ஒரு கணம் விலகினாலும் போச்சு. பக்கத்துக் காலைத் தொட்டாலும் போச்சு.

நுனி கூரான எதுவும் எங்களிடம் இல்லை. செல்வராணி போய் ஓர் ஊசியைப் பிரித்துக்கொண்டு வந்தார், பிள்ளைகளுக்குப் போடுகிற அதே ஊசி. அன்வர் அதன் அடியில் ஒயரைச் சுற்றிப் போர்டின் எர்த்தோடு இணைத்தார். பிறகு கால் மேல் வைக்கப் போனார். நுனி நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போனது. நான் வாங்கிக்கொண்டேன். கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாலும் எனக்கு அந்தக் கால் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது.

"எங்க வெக்கணும்னு காட்டுங்க மேடம், நான் புடிக்கிறேன்," என்றார் செல்வராணி.

காட்டினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, சுண்டுவிரலைப் போர்டின் ஓரத்தில் தாங்கலாக வைத்து ஊசி நுனியை இறக்கினார். உதைத்து அலறுகிற பிள்ளைகளின் தொடையில் நாள்தோறும் ஊசி இறக்குகிற கை. அன்வர் கிளிப்பைக் கவ்வவைத்தார். லேப்டாப்பில் பட்டை நகர ஆரம்பித்தது.

அது எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வராந்தாவில் ஒரு பிள்ளை அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, சிறிது நேரத்தில் மொத்த வராந்தாவும் அழுதது. டாக்டர் போய்க் கதவைச் சாத்தினார். செல்வராணியின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போவதை நான் பார்த்தேன். துடைத்தால் கை அசையுமோ என்று நானும் துடைக்கவில்லை. அந்தப் பெட்டி உண்மையைச் சொன்னால் அவருக்கு எதிராகவும் சொல்லலாம். குளிர் இறங்கியிருந்தால், உறையவைத்தவர் அவர்தான் என்று ஆகும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே தன் கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பட்டை முடிந்தது. அன்வர் கிளிப்பை எடுக்கப் போனார். இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்றேன். டாக்டர் பல்லைக் கடித்தார். ஒருமுறை படித்தால் அது சரியாகப் படித்ததா என்று யாருக்குத் தெரியும்? பதறாத காரியம் சிதறாது. செல்வராணி ஊசியை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் படித்தோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், ஓர் எழுத்து மாறவில்லை. அதன் பிறகுதான் ஊசியை எடுக்கச் சொன்னேன்.

முதல் தலைப் பிளாக்கைத் திறந்தோம். காலி. ஆரம்பம் முதல் கடைசி வரை துடைத்து வைத்தது போல் காலி. அன்வர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் பயந்த அதே நடுவில்தான் காலைக் கரண்டு அடித்திருந்தது.

இரண்டாவதைத் திறந்தோம். முழுசாக இருந்தது. பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும் செக்சம் எண்ணும் சரி. அது காட்டிய ஒவ்வொரு இடத்திலும் போய்ப் பார்த்தோம், சாயந்திரத்திலிருந்து விடியும்வரை ஒரு பதிவும் தவறவில்லை. கரண்டு அடித்த கணத்தில் தலையில் இன்னும் ஏறாத கடைசிப் பதிவு மட்டும் தனியாக நின்றிருந்தது, அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கியிருந்தது. பட்டறையில் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனாலும் அங்கே, பேட்டரி ஊதிச் செத்த ஒரு பெட்டிக்குள், கரண்டிடம் அடி வாங்கிய ஒரு போர்டில், அந்த நகத்தளவு துண்டு தன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நாங்கள் எழுதியதுதான். நாங்கள் எழுதியதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று அதில் இருந்ததாகத் தோன்றியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்தத் தொழிலில் ஒருமுறையாவது அப்படித் தோன்றாதவர்களைப் பார்த்து நான் பரிதாபப்படுகிறேன்.

அன்வர் பதிவுகளைக் கோடாகப் போட்டுக் காட்டினார். நான்கு பேரும் குனிந்தோம். சாயந்திரம் கரண்டு போனதும் கோடு சற்று ஏறியது. ஐஸ் பேக் வைத்ததும் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. உறைநிலையை நோக்கியே இருந்தது அதன் போக்கு. தொட்டுவிடும் என்று நினைத்த இடத்தில், தொடாமல், திரும்பி மெல்ல ஏறியது. ஏறிச் சரியான இடத்தில் நின்று விடியும்வரை அப்படியே போனது.

டாக்டர் அந்தத் திருப்பத்தின் மேல் விரலை வைத்து, சிஸ்டர், நீங்கள் வந்து பேக்கை எடுத்தது இந்த நேரமா என்று கேட்டார். ஆமாம் என்றார் செல்வராணி. யாருமே பார்க்காத ஒரு காரியம், ஒரு பெண்மணி மனசு கேட்காமல் திரும்பி வந்து கை வைத்த ஒரு காரியம், கோட்டில் அப்படியே நின்றது. நான் வாழ்க்கையில் நிறைய வரைபடம் பார்த்திருக்கிறேன். கண் கலங்கியது அந்த ஒன்றுக்குத்தான்.

"ஆரம்பிங்கம்மா," என்றார் டாக்டர்.

செல்வராணி விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார், மரத்துப்போயிருந்தன. கை கழுவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். எட்டிப் பார்த்த அந்த அம்மாதான் முதலில் வந்தார். நல்ல ஊசிதானே என்று கேட்டார். நல்ல ஊசிதான், நானே பாத்துட்டேன் என்று சொல்லிப் போட்டார். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை, அவ்வளவு அழுகை. அதைப்போல இனிமையான சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கடைசிப் பிள்ளைக்கும் போட்டு முடித்த பிறகு, அன்றிரவுக்குப் பெட்டி வேண்டும் என்று டாக்டர் கேட்டார். பதிவு எங்கள் லேப்டாப்பில் இரண்டு பிரதியாக இருந்தது, இனி பயமில்லை. மாற்றுவதற்குப் புதுப் பெட்டியும் ஜீப்பில் இருந்தது. ஆனாலும் என் பையைத் திறந்து பேட்டரியை அன்வரிடம் கொடுத்து, எல்லோரும் பார்க்க அதைப் பழைய பெட்டியில் போடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார், போட்டார்.

திரை ஒருமுறை மின்னியது. பச்சை விளக்கு எரிந்தது. 'தயார்' என்று வந்தது. பதிவுகள் ஏதுமில்லை. பிறந்த குழந்தை மாதிரி, ஒன்றுமே நடக்காத மாதிரி, நேற்று என்று ஒரு நாளே இல்லாத மாதிரி.

செல்வராணி பக்கத்தில் வந்து பார்த்தார். ராத்திரிக் கணக்கெல்லாம் எங்கே என்று கேட்டார். அழிந்துவிட்டது என்றேன். யார் அழித்தது என்று கேட்டார். அன்வர்தான் பதில் சொன்னார், நாங்கதாங்க என்று.

செல்வராணி அந்தப் பச்சை விளக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"காலைலயே இத்தப் போட்டிருந்தேன்னா, நான் பொய் சொன்னேன்னு ஆயிருக்கும்," என்றார்.

இறங்கும்போது ஜீப்பை நான் ஓட்டினேன். மலை அடிவாரம் வருவதற்குள் அன்வர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த வரியை எடுத்துவிட்டார். அதன் இடத்தில் இப்போது இருப்பது உங்களுக்குத் தெரியும். பெட்டி குழம்பினால் எதையும் எழுதாமல் நின்றுவிடும், 'எதையும் அழிக்கவில்லை, எங்களைக் கூப்பிடுங்கள்' என்று திரையில் காட்டும். அது வாடிக்கையாளருக்குத் தொந்தரவாக இருக்கிறது, தானாகவே ஃபார்மட் ஆகி எழுந்தால் நன்றாக இருக்கும் என்று உங்களில் யாரோ போன வாரம் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறீர்களாம். நல்ல நோக்கம்தான், அன்வருக்கும் அன்று அதே நோக்கம்தான் இருந்தது. அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பதற்கு முன் ஒருநாள் மலைக்குப் போய் செல்வராணியிடம் அதை விளக்கிச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.